'வா' வைத்துக் குறுக்கெழுத்து: 'வாராய்' என்ற விடை சரிதானா?

ஏலக்கணக்கு (கடலூர்):
முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலக் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, எனக்கும் வேலை குறைவு. அப்போது தெருப் பிள்ளைகளுக்குக் குறுக்கெழுத்து கட்டுவேன். இந்த வருஷம் எல்லாமே வருவதைப் பற்றித்தான்.

முதலில் வைத்தது எங்கள் தொழில் சொல்: "படகு நின்றால் இது குறையும், விலை ஏறும் (4)". விடை, வரத்து. அப்புறம், "வீட்டு வாசலில் மரியாதை, கடைக்குப் போவதன் காரணம் (3)". வாங்க. எனக்கு ரொம்பப் பிடித்தது இது: "நண்பனைக் கூப்பிடும் சொல்லை முன்னால் வைத்தால் மலர் வதங்காது (2)". வாடா.

சிக்கல் இதில்தான்: "வா என்றாலும் இதுதான், வரமாட்டாய் என்றாலும் இதுதான் (3)". விடை, வாராய். பிளஸ் டூ படிக்கும் அக்கா மகள், "மாமா, இப்படி யாரு பேசுறா?" என்று கேட்டுவிட்டாள். எடுத்துவிடவா? அதோடு கடைசிக் கட்டத்து 'ய்'யிலிருந்து கீழே எந்தச் சொல்லும் இறங்க மாட்டேன் என்கிறது.

புதுவைத் தமிழாசிரியை:
எடுக்காதீங்க சார். வாரான், வாராது என்பதுபோல வாராய் என்பதும் பழைய எதிர்மறை. தெற்கே 'வாரேன்' என்றால் வருகிறேன். பழந்தமிழில் அதே சொல்லுக்கு வரமாட்டேன் என்றும் பொருள் உண்டு. பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டியதுதான். ஆனால் குறிப்பில் 'பழந்தமிழில்' என்று ஒரு சொல் சேருங்கள். அவள் கேட்டது நியாயம்.

திருக்குறள் 86-இல் 'வருவிருந்து' இருக்கிறது. ஆறு எழுத்து, நீளமான வரிசைக்கு ஆகும்.

கட்டம்போடுபவன்:
தமிழ்ச் சொல் எதுவும் மெய்யெழுத்தில் தொடங்காது, அதனால் 'ய்'யிலிருந்து இறங்காது. மேலிருந்து வரும் சொல் அங்கே வந்து முடியட்டும். நோய், தேங்காய், மாங்காய் எல்லாம் பொருந்தும். 'வரத்து'வில் உள்ள 'த்' இன்னும் கறார்: அதில் சொல் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. முத்து, கத்தி மாதிரி நடுவில்தான் வர வேண்டும்.

கெடிலக்கரை:
நம்ம ஊர்ச் சொல் ஒன்றை விட்டுட்டீங்களே! கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் வந்து சேர்ந்த இடம் என்றுதானே கரையேறவிட்டகுப்பம் என்கிறோம்? 'கரையேறு', நாலு எழுத்து.

ஏலக்கணக்கு:
இத்தனை வருஷம் அந்தப் பக்கம் போய்வந்தும் தோன்றவில்லை! கரையேறு உள்ளே வந்தாச்சு. வாராயும் இருக்கட்டும், குறிப்பை மாற்றிவிட்டேன்: "வா என்ற அழைப்பு, பழந்தமிழில் வரமாட்டாய் என்றும் சொல்லும் (3)". அக்கா மகள் உடனே போட்டுவிட்டாள். 'ய்'க்கு மேலே மாங்காய் வருகிறது: "நெத்திலிக் குழம்பில் புளியைக் குறைக்க வைக்கும் (4)".