புற்றுநோய் ஆய்வுகளுக்குத் தனிநபர் நன்கொடை பயன்படுமா?

மயிலாப்பூர்வாசி:
அம்மாவின் நினைவு நாளில் ஆண்டுதோறும் அன்னதானம் செய்துவரும் நாங்கள், இம்முறை அத்தொகையைப் புற்றுநோய்க்கான கிளினிக்கல் டிரையல்களுக்கு, அதாவது நோயாளிகளிடம் சிகிச்சைகளைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகளுக்கு, வழங்கலாமா என்று யோசிக்கிறோம். மருந்து நிறுவனங்கள் கோடிகளைக் கொட்டும் துறையில் நம்முடைய ஐம்பதாயிரம் எந்த மூலைக்கு என்று தம்பி கேட்கிறான். விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

அண்ணாநகர் வாசகர்:
தம்பியின் கேள்வி நியாயமானதே. ஆனால் நிறுவனங்கள் தாங்கள் விற்கவிருக்கும் மருந்துக்குத்தான் செலவிடும். விலையுயர்ந்த மருந்தை அளவு குறைத்துக் கொடுத்தாலும் போதுமா என்று ஆராய்வதில் அவற்றுக்கு என்ன ஆதாயம்? மும்பை டாடா நினைவு மருத்துவமனை அதைத்தான் ஆராய்ந்தது. தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு, இரண்டு வாரத்துக்கொருமுறை 240 மில்லிகிராம் என வழக்கமாகத் தரப்படும் நிவோலுமாப் மருந்தை, மூன்று வாரத்துக்கொருமுறை 20 மில்லிகிராம் மட்டும் மற்ற மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்தார்கள். 2022இல் வெளியான முடிவின்படி, அது சேர்க்கப்படாதவர்களில் ஓராண்டுக்குப் பின் உயிருடன் இருந்தோர் சுமார் 16 விழுக்காடு, சேர்க்கப்பட்டவர்களில் 43 விழுக்காடு. மருத்துவர்களே முன்னெடுக்கும் இத்தகைய ஆய்வுகள்தாம் மானியத்தையும் நன்கொடையையும் எதிர்பார்த்து நிற்கின்றன.

திருவான்மியூர் ஆய்வுப் பணியாளர்:
நான் இத்துறையில் பணிபுரிந்தவள். மருந்துக்கு நிதி கிடைத்துவிட்ட பிறகும், நோயாளியின் பதிவுகளைப் பேணுபவருக்குச் சம்பளம் தரவும், விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வருபவருக்குப் பேருந்துக் கட்டணமும் தங்குமிடமும் தரவும் பணம் இருக்காது. பாதியில் வராமல் நின்றுவிடுபவர்கள் பெருகினால் ஆய்வின் முடிவே நம்பத்தகாததாகிவிடும். உங்கள் ஐம்பதாயிரத்துக்கு உரிய இடம் அதுதான் என்பது என் கருத்து. கொடுப்பதற்கு முன், இந்திய கிளினிக்கல் டிரையல் பதிவேட்டில் அந்த ஆய்வின் பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். நிதி யாருடையது என்பதும் அங்கே குறிக்கப்பட்டிருக்கும். மருந்து நிறுவனத்தின் பெயர் இருந்தால், செலவை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

அடையாறு ஓய்வூதியர்:
1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமே பொதுமக்களின் நன்கொடையால் வளர்ந்ததுதான்; ஆகவே தொகை சிறிதென்று தயங்க வேண்டாம். எந்த மருத்துவமனையானாலும், தொகை ஆய்வில் சேர்ந்தவர்களின் பயணச் செலவுக்கு மட்டும் என்று கடிதம் கொடுத்து, அதற்கான ஒப்புதலையும் எழுத்தில் பெறுங்கள்; இல்லையேல் பொது நிதியில் கலந்துவிடும். அதுவும் வீண்போகாது என்றாலும், நீங்கள் கேட்டது வேறல்லவா? வரிச்சலுகை வேண்டுமானால் காசோலையாகக் கொடுங்கள். 2000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்துக்கும், புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கும் அது கிடையாது.