ஓஎஸ் திரும்பப் போடுதல்: ஒரே சொல் போதாது

அனைவருக்கும் வணக்கம்.

கணினியில் ஓஎஸ்ஸைத் (விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்தை) திரும்பப் போடுவதைச் சொல்லும் ‘ரீஇன்ஸ்டால்’ என்பதற்கு மறுநிறுவலா மீள்நிறுவலா என்று நம் கலைச்சொல் குழுவின் மடல் இழை நீண்டுகொண்டே போகிறது. இரண்டுமே நல்ல சொற்கள்தான். பொதுச்சொல்லாக மறுநிறுவல் இருக்கட்டும், ஏற்கெனவே பலரும் எழுதிப் பழகியது. ஆனால் அத்தோடு கலைச்சொல் பட்டியலை மூடிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த மடல். கோப்புகள் தப்பிக்கும் வேலையும் கோப்புகள் அழியும் வேலையும் இந்த ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன. லேப்டாப்பைப் பழுதுபார்க்கக் கொடுப்பவருக்கு அந்த வேறுபாடுதான் எல்லாம்.

சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெருவிலிருந்து சிற்றூர்க் கடை வரை புழங்கும் பேச்சைக் கவனியுங்கள். “ஓஎஸ் போடணும்”, “ஃபார்மட் அடிச்சிடலாம்” (அதாவது வட்டில் உள்ளதை எல்லாம் அழித்துவிடலாம்). எனக்குத் தெரிந்த முதுகலை மாணவி ஒருவர் மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகை) போன லேப்டாப்பை ஒரு கடையில் கொடுத்தார். பலகையை மாற்றிய பிறகு கடைக்காரர், “ஓஎஸ் போட்டுத் தரட்டுமா?” என்று போனில் கேட்டிருக்கிறார். இவரும் சரி என்றார். திரும்பி வந்த லேப்டாப்பில் ஆய்வேட்டின் இயல்கள் எதுவும் இல்லை. கடைக்காரர் கேட்டுத்தான் செய்தார். கேட்ட சொல்லில் அழிப்பு என்பதன் சாயலே இல்லை.

ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. மேக் கணினியின் மீட்புத் திரையில் உள்ள ‘ரீஇன்ஸ்டால்’, வட்டை நாமே முதலில் அழிக்காத வரை, கோப்புகளைத் தொடாது. விண்டோஸ் நிறுவலில் வட்டுப் பிரிவுகளை நீக்கிவிட்டுப் போடுவதையும் அதே சொல்லால்தான் சொல்கிறார்கள். அந்தக் குழப்பத்தை நாமும் அப்படியே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

வட்டை அழித்துவிட்டுப் போடும் ‘கிளீன் இன்ஸ்டால்’ என்பதைத் ‘தூய நிறுவல்’ என்று சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு இதில் கடும் மறுப்பு. தூய என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? நல்லதுதானே என்று பொத்தானை அழுத்திவிடுவார்கள். ‘துடைத்து நிறுவல்’ என்ற பரிந்துரையும் அதே வழியில்தான் போகிறது. மேசையைத் துடைத்தால் தூசிதான் போகும், மேசைமேல் இருக்கும் புத்தகம் போகாது. நடப்பது அழிப்பு என்றால் சொல்லிலும் அது இருக்க வேண்டும். ஆகவே என் பரிந்துரை: அழித்துநிறுவல். நிலைமொழி வன்தொடர்க் குற்றியலுகரம் என்றாலும் வருவது மெல்லினம், ஒற்று மிகாது. சேர்த்தே எழுதலாம்.

கோப்புகளை விட்டுவைத்து ஓஎஸ்ஸை மட்டும் புதிதாகப் போடுவதற்குத்தான் சொல் தேடி அலைந்தேன். ‘பேணிநிறுவல்’ அழகாக இருக்கிறது, ஆனால் பேணி என்றதும் இலங்கை நண்பர்களுக்குத் தகரப்பேணிதான் நினைவுக்கு வரும். ‘காத்துநிறுவல்’ தமிழ்நாட்டுக் காதில் காற்றாகிவிடும். கடைசியில் கடைப் பேச்சிலேயே விடை கிடைத்தது. “இருக்கிறது மேலேயே போட்டுடலாம்” என்கிறார்களே, அதுதான் மேல்நிறுவல். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நிறுவல் கோப்பை இயக்கி, கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்ளச் சொல்வது இந்த வகை. லினக்ஸில் நம் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவின் வட்டுப் பிரிவை ஃபார்மட் செய்யாமல் அப்படியே விட்டு, உபுண்டுவை (லினக்ஸின் ஒரு வகை) மீண்டும் போடுவதும் இதுவே.

மேல் என்றால் மேம்படுத்தல் என்று மயங்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். நிலத்தில் பயிர் நிற்கும்போதே இடுவது மேலுரம், உழவோடு சேர்த்து இடுவது அடியுரம். மேலுரம் என்றால் உயர்ந்த உரம் என்று எந்த உழவரும் எண்ணுவதில்லை. புணர்ச்சிப்படி ‘மேனிறுவல்’ என்றுதானே வர வேண்டும் என்று ஓர் ஐயா எழுதியிருந்தார். இலக்கணப்படி அவர் சொல்வது சரி. ஆனால் மேல்நிலைப் பள்ளி என்று பெயர்ப்பலகையிலேயே எழுதிப் படிக்கும் காலம் இது. உறுப்பு பிரிந்து தெரிந்தால்தான் புதுச்சொல் புரியும்.

அப்புறம், மூன்றாவது ஒன்று. இதைப் பற்றி யாரும் பேசவில்லை, பழுதுபார்ப்பில் இதுதான் முக்கியம். மதர்போர்டை மாற்றினால் வட்டில் உள்ள ஓஎஸ் எங்கும் போய்விடாது. பலகைக்கும் அதற்கும் இருந்த உறவுதான் அறுகிறது. எதை எங்கிருந்து தொடங்குவது என்ற குறிப்பு, வட்டில் இல்லாமல் பலகையிலுள்ள அழியா நினைவகத்தில் இருப்பதால், புதுப் பலகைக்கு உங்கள் லினக்ஸ் இருப்பதே தெரியாமல் போகலாம். நிறுவாமலேயே லினக்ஸை ஓட்டும் நேரலைப் பென்டிரைவில் தொடங்கி அந்தக் குறிப்பை மட்டும் எழுதிவிட்டால் போதும், பழையபடி எழுந்துகொள்ளும். விண்டோஸ் உரிமமும் பலகையைப் பார்த்துத்தான் தன் கணினியை அடையாளம் காண்கிறது. 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்களில் உரிமத்தின் 25 எழுத்துக் குறியீடு அடிப்பக்க ஒட்டியை விட்டுப் பலகையின் ஃபர்ம்வேருக்குள் (பலகையிலேயே பதிந்த மென்பொருளுக்குள்) போய்விட்டது. பலகை போனால் அதுவும் போகும். உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வைத்திருந்தால், ‘அண்மையில் வன்பொருளை மாற்றினேன்’ என்ற வழியில் மீட்க முயலலாம்.

வட்டை மறையாக்கிப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால் இன்னும் கடினம். திறவுகோலைக் காக்கும் டிபிஎம் சில்லு பழைய பலகையோடு போய்விடுவதால், புதுப் பலகையில் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கும். அது கையில் இருந்தால் எல்லாக் கோப்பும் கிடைக்கும், இல்லையென்றால் அழித்துநிறுவல் தவிர வழியில்லை. ஆப்பிள் தன் சொந்தச் சில்லோடு 2020 முதல் விற்கும் மேக்புக்குகளில் சேமிப்பகமும் பலகையிலேயே இருப்பதால், பலகை மாறினால் தரவும் அதோடு போனதுதான். முன்பே படியெடுத்து வைத்ததுதான் மிச்சம்.

தொடக்கக் குறிப்பு, உரிமம், பூட்டு என்று அறுந்ததை எல்லாம் புதுப் பலகையோடு சேர்த்துக் கட்டும் இந்த வேலையை மறுபிணைத்தல் என்று சொல்லலாம் என நினைக்கிறேன். நிறுவல் என்ற சொல்லையே இதில் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் எதையும் நிறுவுவதில்லை. ‘மீளிணைப்பு’ என்பது இணையத் தொடர்பு அறுந்து வருவதற்குப் புழங்குகிறது, அதோடு குழம்பும். பிணை என்றால் நீதிமன்றம் நினைவுக்கு வருகிறது என்று யாராவது சொன்னால் அதை ஒப்புக்கொள்கிறேன், இதைவிட நல்ல சொல் இருந்தால் உடனே மாற்றிக்கொள்ளலாம்.

ரேம், திரை, விசைப்பலகை, பேட்டரி ஆகியவற்றை மாற்றினால் இந்த மூன்றில் எதுவும் பொதுவாகத் தேவையில்லை. சொற்கள் தனித்தனியாக இருந்தால், “விசைப்பலகை மாற்ற எதற்கு அழித்துநிறுவல்?” என்று வாடிக்கையாளர் கேட்க முடியும்.

ஓஎஸ் என்பதற்கு இயங்குதளம், இயக்க முறைமை, தமிழ்நாட்டுப் பாடநூலின் இயக்க அமைப்பு, இலங்கையின் பணிசெயல் முறைமை எனப் பல இருப்பதை இப்போது கிளற வேண்டாம். இந்தச் சொற்கள் எல்லாவற்றோடும் ஒட்டும்.

மொழிபெயர்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அழித்துநிறுவல் என்று பொத்தானில் எழுதும் இடத்தில், அடுத்த வரியிலேயே “இந்த வட்டில் உள்ள கோப்புகள் அனைத்தும் அழியும்” என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். ‘தரவு இழப்பு நேரக்கூடும்’ என்று எழுத வேண்டாம், அங்கே ஐயமே இல்லை. மேல்நிறுவலுக்கு “கோப்புகள் இருக்கும், ஆனாலும் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்” போதும். மறுபிணைத்தலுக்கு மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள் இதே இழையில் எழுதுங்கள்.

நன்றி.