ராட்வீலர், முட்டுகிற மாடு, பள்ளி வாசல் தெருநாய்கள்: சென்னையில் எந்த மனு யாருக்கு?

மடிப்பாக்கம்_சங்கம்

எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் சார்பில் மாநகராட்சிக்கு மனு எழுதுகிறோம். தெருவில் மூன்று தொல்லை. ஒரு வீட்டு ராட்வீலரைக் காலையும் மாலையும் கயிறு, வாய்மூடி எதுவும் இல்லாமல் வெளியே விடுகிறார்கள். மெயின் ரோட்டில் குப்பைத் தொட்டி அருகே நாலைந்து மாடுகள் நிற்கின்றன, அதில் ஒன்று முட்டுகிறது. பள்ளிக்கூட வாசலில் ஏழெட்டுத் தெருநாய்கள், ராத்திரியில் பைக்கைத் துரத்துகின்றன.

தெருநாய்களைப் பிடித்து ஊருக்கு வெளியே விடச் சொல்லி எழுதலாம் என்கிறார்கள் சிலர். 23 வகை நாய்களுக்கு மத்திய அரசு தடை போட்டுவிட்டது, கடித்தால் ஒரு பல் தடத்துக்குப் பத்தாயிரம் கிடைக்கும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. எது உண்மை? ஆணையர் பெயருக்கு ஒரே மனுவாகப் போட்டால் போதுமா?

---

மண்டலம்14

ஒரே மனுவாகப் போடாதீர்கள் சார். மூன்றுக்கும் சட்டம் வேறு, நடவடிக்கையும் வேறு. சேர்த்து எழுதினால் ஒரு புகார் எண்தான் விழும். நாய் வண்டி ஒரு தடவை வந்து போனதும் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று அந்த எண்ணை மூடிவிடுவார்கள், மாடும் ராட்வீலரும் அங்கேயே நிற்கும். மாநகராட்சி உதவி எண் 1913-லோ நம்ம சென்னை செயலியிலோ மூன்று தனிப் புகார் போட்டு மூன்று எண் வாங்குங்கள். பிறகு அந்தந்த எண்ணைக் குறிப்பிட்டு மண்டல அலுவலகத்தில் எழுத்து மனு கொடுத்து, நகலில் சீல் வாங்கி வையுங்கள்.

ராட்வீலர். முதலில் அந்த 23 வகைத் தடை. 2024 மார்ச்சில் மத்திய கால்நடைத் துறை மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது உண்மை. ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. மே மாதம் ஆயிரம் விளக்கு பூங்காவில் குழந்தையை ராட்வீலர் குதறிய பிறகு தமிழக அரசும் ஒரு தடை அறிவிப்பை வெளியிட்டு, உடனே திரும்பப் பெற்றது. ஆகவே 23 வகைப் பட்டியலை மனுவில் எழுதினால் எதிராளியின் வக்கீல் முதல் பாராவிலேயே அடித்துவிடுவார்.

உங்களுக்கு உதவுவது மாநகராட்சியின் சொந்த விதி. உரிமம் இல்லாமல் நாய் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம். ராட்வீலர், பிட்புல் இரண்டுக்கும் 2025 டிசம்பர் மாமன்றத் தீர்மானத்துக்குப் பிறகு புது உரிமம் கிடையாது, மீறினால் ஒரு லட்சம். ஏற்கெனவே உரிமம் வாங்கியவர்கள் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கயிறும் வாய்மூடியும் இல்லாமல் வெளியே கொண்டுவரக் கூடாது.

அதனால் "இந்த நாயை அகற்றுங்கள்" என்று கேட்காமல் இப்படிக் கேளுங்கள்: "கதவு எண் இன்னதில் உள்ள ராட்வீலருக்கு உரிமம் உள்ளதா, எந்தத் தேதியில் வழங்கப்பட்டது, மைக்ரோசிப் எண் பதிவாகியிருக்கிறதா என்று ஆய்வு செய்து, வாய்மூடியின்றிப் பொது இடத்தில் விடுவதற்கு அபராதம் விதிக்கவும்." ஆய்வுக்கு வருபவர் உரிமத்தில் உள்ள சிப் எண்ணை ஸ்கேனரில் வரும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். சிப் அரிசி மணி அளவு, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் இருக்கும், எண் 15 இலக்கம். ஒரு நாயின் உரிமத்தைக் காட்டி இன்னொரு நாயை வளர்ப்பது இதில்தான் மாட்டும்.

தேதி, நேரம் தெரிகிற வீடியோ இரண்டு மூன்று நாள் எடுங்கள். நாயும் வீட்டு கேட்டும் ஒரே காட்சியில் தெரிய வேண்டும். வெறும் நாய் மட்டும் இருந்தால் "அது எங்கள் நாயே இல்லை" என்பார்கள்.

மாடு. நகர்ப்புறத்தில் கால்நடை வளர்க்க உரிமம் வேண்டும் என்று 1997-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளிச் சிறுமியை மாடு முட்டித் தூக்கிய சம்பவத்துக்குப் பிறகுதான் அபராதம் மளமளவென்று ஏறியது. இப்போது முதல் தடவை பிடிபட்டால் 10,000, அடுத்த தடவை 15,000. பராமரிப்புக் கட்டணம் தனி, மீட்கத் தாமதமானால் நாள் கணக்கில் ஏறும். பிடித்த மாட்டைப் புதுப்பேட்டை அல்லது பெரம்பூர் தொழுவத்துக்குக் கொண்டுபோவார்கள்.

மாட்டின் காதில் மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை இருக்கும், அதில் 12 இலக்க எண். அந்த எண் படிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து மனுவோடு இணையுங்கள். உரிமையாளரை அதை வைத்தே கண்டுபிடிக்கலாம், இரண்டாம் தடவை பிடிபட்டதா என்பதும் அதில்தான் நிற்கும். எண் இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் முதல் தடவையாகவே போகும்.

நேரமும் எழுதுங்கள். காலைப் பால் கறந்ததும் அவிழ்த்து விடுவார்கள், சாயங்காலக் கறவைக்குத் தானாகவே வீடு போய்விடும். வண்டி மதியம் மூன்று மணிக்கு மேல் வந்தால் ரோடு காலியாக இருக்கும், "மாடுகள் இல்லை" என்று பதில் வரும். காலை 9 முதல் 12 வரை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். அந்தக் குப்பைத் தொட்டியில் ஓட்டல் எச்சில் இலை கொட்டுவது யார் என்று தனியாக ஒரு புகாரும் போடுங்கள். அது நிற்காதவரை இந்த மாடு போனால் வேறு மாடு வரும்.

தெருநாய். ஊருக்கு வெளியே விடச் சொல்லி எழுதவே கூடாது. 2023-ம் வருஷ விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளில் 11-வது விதிப்படி, பிடித்த நாய்க்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றமே, ஆகஸ்ட் 22-ல் அதை மாற்றி இதே விதிக்கு வந்தது. வெறிநோய் உள்ளவை, அந்தச் சந்தேகம் உள்ளவை, மூர்க்கமாகத் தாக்குபவை ஆகியவற்றை மட்டும் திரும்ப விடக் கூடாது.

ஆனால் உங்கள் விஷயத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது, அதுதான் பிடி. உச்ச நீதிமன்றத்தின் 2025 நவம்பர் 7 உத்தரவில் கல்வி நிலையம், மருத்துவமனை, விளையாட்டரங்கம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றின் வளாகத்தில் பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று இருக்கிறது. வேலி, சுவர், கேட் போடுவதும், பொறுப்பாக ஒரு அலுவலரை நியமிப்பதும் நிறுவனத்தின் வேலை. ஆகவே பள்ளி நாய்களுக்கு மனு பள்ளித் தலைமையாசிரியர் கையெழுத்தோடு போக வேண்டும், சங்கத்தின் பெயரில் இல்லை. வளாகத்துக்குள் வருபவை எத்தனை, வெளியே தெருவில் படுப்பவை எத்தனை என்று பிரித்து எழுதுங்கள். வெளியே உள்ளவைக்கு 11-வது விதிதான்.

---

கால்நடை_நண்பன்

மேலே சொன்னதோடு பிடிக்கிற வேலையைப் பற்றி மட்டும் கொஞ்சம்.

நாய் வண்டி வந்து வெறுங்கையோடு போவதற்கு முக்கியக் காரணம், வலையைப் பார்த்ததும் நாய்கள் கார்களுக்கு அடியில் புகுந்துவிடுவது. நாய்களுக்குத் தினமும் சோறு வைப்பவர் கூட இருந்தால் பாதி வேலை முடிந்தது, அவர் கூப்பிட்டால் வரும். அதிகாலை வண்டி கேளுங்கள், வெயில் ஏறினால் எல்லாம் கலைந்துவிடும். இடது, வலது காதுகளைப் பார்த்து ஒரு பட்டியல் போடுங்கள். காது நுனியில் 'வி' வடிவ வெட்டு இருந்தால் கருத்தடை ஆனது, அதை மறுபடி பிடிக்கச் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். பால் கொடுக்கிற தாய் நாயைப் பிடிக்கச் சொல்லக் கூடாது, குட்டிகள் செத்துப்போகும்.

ஏழில் இரண்டுக்கு மட்டும் கருத்தடை செய்தால் பிரயோஜனமில்லை. 70 சதவீதத்துக்கு மேல் ஒரே காலக்கட்டத்தில் முடித்தால்தான் குட்டி குறையும். ஒட்டுமொத்தமாகப் பிடித்துக்கொண்டு போய் வேறு இடத்தில் விட்டால், சோறு கிடைக்கும் காலி இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய்கள் வந்துவிடும். புதிதாக வந்தவை எல்லைக்குச் சண்டை போடும், அந்தச் சமயத்தில்தான் கடி அதிகம்.

ஒரு நாய் வாயில் எச்சில் ஒழுகி, தள்ளாடி, கண்டதைக் கடித்தால் அது வேறு கதை. அதே 2023 விதிகளில் 16-வது விதிப்படி வெறிநோய்ச் சந்தேகப் புகார். 1913-ல் "வெறிநோய்ச் சந்தேகம்" என்ற வார்த்தையைச் சொல்லியே புகார் கொடுங்கள். அதைத் தனியே அடைத்து வைப்பார்கள், வெறிநோய் இருந்தால் பெரும்பாலும் பத்து நாளுக்குள் செத்துவிடும். யாரும் அடித்துக் கொல்லப் போக வேண்டாம். கையில் எச்சில் பட்டு, அங்கே கீறல் இருந்தால் அதுவும் ஆபத்து.

---

சட்டம்_தெரிந்தவள்

கடி பட்டால் என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லை, அதனால் சொல்கிறேன்.

காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள் எதுவும் வைக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். ரத்தம் வந்த கடியென்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (வெறிநோய்க்கு உடனடி எதிர்ப்பு தரும் மருந்து) போட வேண்டும், அதை நீங்களாகவே கேளுங்கள். "வீட்டு நாய்தான், தடுப்பூசி போட்டிருக்கு" என்று உரிமையாளர் சொன்னாலும் முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவமனையில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் ஸ்டேஷனுக்குப் போனால் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். வளர்ப்பு நாயை அஜாக்கிரதையாக வைத்திருப்பதற்கு புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 291: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய ஐ.பி.சி. 289 இதுதான். காயம் ஏற்பட்டிருந்தால் பிரிவு 125-ம் சேரும். சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான) ரசீதோடு நிறுத்திவிடாதீர்கள், 291 போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய பிரிவு.

291-க்கு யாரையும் கடித்திருக்கவே வேண்டாம். ஆபத்து வராதபடி போதுமான கவனம் எடுக்கவில்லை என்றாலே குற்றம். மாட்டுக்கும் இதே பிரிவுதான். ராட்வீலர் வீடியோவை மாநகராட்சிக்கு மட்டும் அனுப்பாமல் ஸ்டேஷனிலும் கொடுங்கள்.

பல் தடத்துக்குப் பத்தாயிரம் என்பது 2023 நவம்பரில் பஞ்சாப் ஹரியானா உயர்நீதிமன்றம் சொன்னது. சதை பிய்ந்திருந்தால் 0.2 சென்டிமீட்டருக்குக் குறைந்தது இருபதாயிரம். அந்த இரண்டு மாநிலங்களுக்கும் சண்டிகருக்கும் பொருந்தும். சென்னையில் இழப்பீடு வேண்டுமென்றால் நாயின் சொந்தக்காரர் மீது சிவில் வழக்குப் போட வேண்டும், மருத்துவ பில் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

---

மடிப்பாக்கம்_சங்கம்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ராட்வீலர் வீட்டுக்காரரிடம் பேசினோம். வாய்மூடி போட்டால் நாய் மூச்சு முட்டி மயங்குகிறது என்கிறார், சாக்கா? இன்னொன்று, தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் அம்மாவை நிறுத்தச் சொல்லி சங்கத் தீர்மானம் போடலாமா? ஒருத்தர் விஷம் வைக்கிறேன் என்று வேறு கிளம்பியிருக்கிறார்.

---

கால்நடை_நண்பன்

சாக்கு இல்லை, தப்பான வாய்மூடியை வாங்கியிருப்பார். நைலான் துணியில் குழாய் மாதிரி வருவது வாயை இறுக்கிக் கட்டிவிடும். டாக்டரிடம் ஊசி போடும் சில நிமிடத்துக்குத்தான் அது. நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது வாய் திறந்து மூச்சிரைத்துத்தான், சென்னை மே மாதத்தில் அதைப் போட்டு நடத்தினால் மயக்கம் வரத்தான் செய்யும்.

கூடை வகை வாங்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு ஒரு அங்குலம் கீழே, வாயைச் சற்றுத் திறந்த நிலையில் சுற்றளவு எடுக்க வேண்டும். மூக்கு நுனி முதல் அந்த இடம் வரை நீளம். மாட்டிய பிறகு மூக்குக்கும் கூடைக்கும் ஒரு விரல் இடைவெளி வேண்டும், நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்க முடிய வேண்டும், தண்ணீர் குடிக்க முடிய வேண்டும். நெற்றிப் பட்டை இல்லாததை வாங்கினால் முன்னங்காலால் தள்ளிக் கழற்றிவிடும். முதலில் வீட்டுக்குள் கூடையில் கோழித் துண்டு வைத்துப் பழக்க வேண்டும், எடுத்த எடுப்பில் தெருவில் மாட்டினால் உருண்டு புரளும். கயிறு நாலு முதல் ஆறு அடி, தட்டைப் பட்டை. இழுக்க நீளும் ரோல் கயிறு இந்த எடை நாய்க்கு ஆகாது, பிடித்திருப்பவர் கையை அறுத்துவிடும்.

---

மண்டலம்14

சோறு வைப்பதையே நிறுத்தச் சொல்லும் தீர்மானம் செல்லாது. இடத்தை மாற்றலாம். 20-வது விதிப்படி குழந்தைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, நுழைவாயில் ஆகியவற்றுக்குத் தள்ளி ஒரு இடமும் நேரமும் குறிக்க வேண்டியது சங்கத்தின் பொறுப்பு. கண்ட இடத்தில் தெருவில் வைக்கக் கூடாது, வார்டுக்கு ஒரு இடம் ஒதுக்க வேண்டும் என்று ஆகஸ்ட் 22 உத்தரவும் சொல்கிறது. பள்ளி வாசலில் வைக்காமல் பள்ளி விடும் நேரத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளும்படி அந்த அம்மாவிடம் பேசி எழுதி வாங்குங்கள். வண்டி வரும்போது உங்களுக்கு அவர் உதவி தேவை, பகைத்துக்கொண்டால் நாய்களை அவரே ஒளித்துவைப்பார். ஒத்துவரவில்லை என்றால் அதே விதியில் உள்ள விலங்கு நலக் குழுவுக்குப் போங்கள். மாநகராட்சி கால்நடை மருத்துவர், போலீஸ், உங்கள் சங்கம் எல்லோரும் அதில் உட்காருவார்கள்.

விஷம் வைப்பவரிடம் பாரதிய நியாய சன்ஹிதா 325-ஐக் காட்டுங்கள், ஐந்து வருடம் வரை சிறை. விஷச் சோற்றை மாடு தின்றாலும் அதே பிரிவுதான்.

மனுக்கள் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் அசையவில்லை என்றால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்கள். புகார் எண் இன்னதில் எந்தத் தேதியில் யார் ஆய்வுக்கு வந்தார், அபராத ரசீது எண் என்ன, பிடித்த நாய்களை எந்த மையத்தில் வைத்தார்கள், எங்கே விட்டார்கள். இந்த நாலு மட்டும் கேளுங்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.