பழைய வண்டியில் ஹோஸ், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் மாற்றியவர்களின் அனுபவங்கள்

நீலக்கதவு:
ரேடியேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து கூலன்ட்டை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை, ரேடியேட்டருக்கு விடும் வால்வு), ரேடியேட்டர் மூடி. இவ்வளவையும் நானே மாற்றினேன். இருபது வயது தாண்டிய பெட்ரோல் கார். ஆயில் மாற்றியதைத் தவிர இதற்கு முன் இன்ஜினில் கை வைத்ததில்லை. வேலை எப்படிச் செய்தேன் என்பதை விட்டுவிடுகிறேன், மேனுவலில் இருக்கிறபடிதான் செய்தேன். மனதில் உறுத்திக்கொண்டே இருப்பது அதற்குப் பிறகு வந்த ஒரு நிமிடம்.

கூலன்ட் ஊற்றி, கழுத்து வரை நிரம்பியதும் மூடியைப் போட்டு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். கொஞ்ச தூரத்தில் டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டி ஏறியது. ஓரங்கட்ட இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே முள் சரசரவென்று இறங்கி அடிக்கோட்டுக்கு வந்துவிட்டது. அப்பாடா, தெர்மோஸ்டாட் இப்போதுதான் திறந்திருக்கிறது என்று மூச்சு விட்டேன். ஆனால் தெர்மோஸ்டாட் திறந்தால் முள் கொஞ்சம் இறங்கி நடுவில் நிற்கும், குளிர்ந்த இன்ஜின் மாதிரி அடியில் போய்ப் படுக்காது. சந்தேகத்தில் ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பினேன். கூலன்ட்டின் சூட்டில்தான் ஹீட்டர் காற்று சூடாகும், ஆனால் ஜில்லென்று காற்று வந்தது. பானெட் பக்கமிருந்து அனல் அடிக்கிறது, உள்ளே ஹீட்டர் காற்று குளிர்கிறது. உடனே இன்ஜினை அணைத்தேன்.

முழுக்க ஆறிய பிறகு மூடியைத் திறந்து பார்த்தால் ரேடியேட்டரில் கூலன்ட் மட்டம் கண்ணுக்கே தெரியவில்லை. மிஞ்சும் கூலன்ட் போய்ச் சேரும் பாட்டில் மட்டும் நிறைந்திருந்தது. இன்ஜினுக்குள் அடைபட்டிருந்த காற்று கூலன்ட்டை வெளியே தள்ளியிருக்கிறது. சென்சார் கூலன்ட்டில் முழுகியிருந்தால்தான் சூட்டைச் சரியாகச் சொல்லும். காற்றில் தொங்கினால் முள் இறங்கிவிடும், இன்ஜின் வெந்துகொண்டிருந்தாலும். அந்த முள்ளை நம்பி இன்னும் பத்து நிமிடம் ஓட்டியிருந்தால் ஹெட் (சிலிண்டர்களின் மேல் மூடியிருக்கும் பாகம்) என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

டீசல்பிரியன்:
எனக்குத் தொல்லை தந்தது முள் இல்லை, கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப். பாட்டிலில் மட்டம் மெல்ல மெல்லக் குறையும், வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு இருக்காது. எங்கே போகிறது என்று தெரியாமல் பல வாரம் அலைந்தேன். கடைசியில் டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்து பம்ப்புக்கு அடியில் பார்த்தேன். அங்கே ஒரு சிறு துளை, அதிலிருந்து கீழ் நோக்கி வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்த ஒரு கோடு. சொட்டுவது சூட்டில் அப்படியே காய்ந்துபோய் உப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஒருவர் வந்து பார்த்துவிட்டு, 'அந்தத் துளையைப் பசை வைத்து அடைத்துவிடுங்கள், முடிந்தது' என்றார். இதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அந்தத் துளை கம்பெனியிலேயே போட்டது. ஷாஃப்டில் உள்ள சீல் தேய்ந்தால் கசிகிற கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வருவதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அதை அடைத்தால் கூலன்ட் நேராகப் பேரிங்கைத் தின்னும். பெல்ட்டைக் கழற்றி புல்லியைப் பிடித்து ஆட்டினேன், டக் டக்கென்று ஆடியது. பம்ப்பைக் கழற்றியபோது உள்ளே கூலன்ட்டைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரத்தின் இறக்கைகள் துரு தின்று காகிதம் போல் மெலிந்திருந்தன.

மலையேறி:
முதல் பதிவு போட்ட நண்பருக்கு. இவ்வளவு தலைவலி எதற்கு? தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுங்கள். என் வண்டியில் அது இல்லாமலேதான் வருஷக்கணக்காக ஓடுகிறது. ஏற்றத்தில் ஒருமுறை அது மூடியபடியே சிக்கி, மேல் ஹோஸ் கையில் தொட முடியாத சூடு, கீழ் ஹோஸ் ஜில்லென்று இருந்தது. அன்றைக்குக் கழற்றியதுதான்.

பழையஇரும்பு:
மலையேறி அவர்கள் சொல்வதைப் படித்துவிட்டுப் புதிதாக வேலை கற்கிற யாரும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட வேண்டாம். என் கதை இரண்டே வரி: இரண்டாம் கையாக வாங்கிய வண்டியில் முந்தைய ஓனர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றியிருந்தார். பெட்ரோல் குடித்தது, ஹீட்டரில் வெதுவெதுப்புக்கு மேல் சூடு வந்ததே இல்லை, ஆயில் குச்சியை முகர்ந்தால் பெட்ரோல் வாடை.

இன்ஜின் தன் சூட்டுக்கு வந்தால்தான் எரிபொருள் சரியாக எரியும். சூடேறாத இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் போகும், எரியாத மிச்சம் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும், ஆயிலின் வழுவழுப்பு போகும், பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேயும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு உண்டு. மேல் வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு பைபாஸ் வழியை மூடும். அந்த மாதிரி இன்ஜினில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் பைபாஸ் திறந்தே கிடக்கும். கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சூடு குறையட்டும் என்று கழற்றியவர் சூட்டை ஏற்றிக்கொண்டதாக ஆகும்.

சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பது எளிது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர், அதில் நூலில் கட்டித் தொங்கவிட்ட தெர்மோஸ்டாட், பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். பாத்திரத்தின் அடியில் படக் கூடாது. உள்ளே இருப்பது மெழுகு, சூட்டில் அது உருகி விரிந்து வால்வைத் தள்ளும். தெர்மோஸ்டாட் மேலேயே எண் போட்டிருக்கும். 82 என்று இருந்தால் 82 டிகிரி செல்சியஸை ஒட்டித் திறக்க ஆரம்பித்து, தண்ணீர் கொதிக்கும் முன்னால் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். புதிதாக வாங்கியதையும் போடுவதற்கு முன் இப்படிப் பாருங்கள், புதியதிலேயே திறக்காதது ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. விளிம்பில் ஆடுகிற சின்ன ஊசி இருந்தால் அது மேல் பக்கம் வர வேண்டும், காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் இன்ஜினை நோக்கி. தெர்மோஸ்டாட்டை மூடும் உறையின் போல்ட்டுகள் பெரும்பாலும் 6 எம்எம்தான், அலுமினியத்தில் இறங்குபவை. பெரிய ஸ்பேனரை வைத்து இறுக்கினால் மரை கையோடு வந்துவிடும். பழைய கேஸ்கெட்டை (கசியாமல் இருக்க இடையில் வைப்பது) சுரண்ட இரும்புத் தகடு வேண்டாம், மர ஆப்போ பிளாஸ்டிக் துண்டோ போதும்.

மலையேறி:
என் இன்ஜினில் அந்த அடித்தட்டு கிடையாது. பார்த்துவிட்டுத்தான் கழற்றினேன்.

பழையஇரும்பு:
நீங்கள் பார்த்தீர்கள், சரி. உங்கள் பதிவைப் படிப்பவர் பார்ப்பாரா? நீங்கள் அதைச் சேர்த்து எழுதவில்லையே.

சாம்பல்வேன்:
ஹோஸ் பற்றி யாரும் எழுதவில்லை. ரப்பர் ஹோஸ் கழுத்தோடு ஒட்டிப்போய் அசையவே இல்லை. முறுக்கிப் பார்த்தேன், ஸ்க்ரூ டிரைவர் எதுவும் விடவில்லை, கையால் லேசாகத்தான். பட்டென்று ஒரு சத்தம். ஹோஸ் கையோடு வந்தது, உள்ளே ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்தும் சேர்ந்து வந்தது. உடைந்த ஓரத்தைத் தேய்த்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்தப் பிளாஸ்டிக் என்றைக்கோ செத்துவிட்டது, ஹோஸ்தான் அதைப் பிடித்து வைத்திருந்தது. அதனால் எனக்கு வருத்தமில்லை, நடுவழியில் உடையாமல் வீட்டில் உடைந்ததே பெரிய காரியம்.

அந்த மாதிரி ரேடியேட்டரில் பழைய ஹோஸைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். எப்படியும் தூக்கிப் போடப் போவதுதானே, கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். கத்தி கழுத்தில் படாத அளவுக்கு மேலோட்டமாகக் கீறினால் போதும்.

இரவுஓட்டம்:
எனக்கு நடந்தது ஒரு காலை நேரத்தில். பானெட்டைத் திறந்தால் மேல் ஹோஸ் இருபுறமும் ஒட்டித் தட்டையாகக் கிடக்கிறது. முந்தின இரவு ஓட்டும்போது குண்டாக, இறுக்கமாக இருந்த அதே ஹோஸ். கையால் ரேடியேட்டர் மூடியை லேசாகத் திருகினேன், புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்த சத்தம். ஹோஸ் என் கண் முன்னாலேயே உப்பி எழுந்தது. அதைப் பார்த்தால்தான் புரியும், சொன்னால் புரியாது.

மூடியில் இரண்டு வால்வு. பெரியது, சூட்டில் அழுத்தம் மிஞ்சினால் திறந்து கூலன்ட்டைப் பாட்டிலுக்கு அனுப்பும். நடுவில் இருக்கும் சிறியது, இன்ஜின் ஆறி உள்ளே வெற்றிடம் உண்டாகும்போது பாட்டிலிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்ளும். என்னுடையதில் சிறியது அழுக்கேறி ஒட்டிப்போயிருந்தது. புது மூடி போட்டதும் சரியாகிவிட்டது.

எல்லோரும் மூடியைச் சும்மா ஒரு மூடி என்று நினைக்கிறார்கள். வெறும் தண்ணீர் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். ஒரு பார் கூடுதல் அழுத்தம் கொடுத்தால் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காது. இன்ஜினுக்கு அந்த இடைவெளியைக் கொடுப்பது மூடிதான். சூடான இன்ஜினில் அதைத் திறந்தால் ஆபத்தும் அதனால்தான். அழுத்தம் போன அந்தக் கணமே உள்ளே இருப்பது கொதித்து ஆவியோடு முகத்தில் அடிக்கும். துணி சுற்றித் திறக்கலாம் என்று சொல்பவர்களைக் கேட்காதீர்கள். மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள், அது தளர்ந்து, ரேடியேட்டரைக் கை வைத்துத் தொடும் அளவுக்கு ஆறும் வரை மூடியைத் தொட வேண்டாம். எலக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டியில் வேலைக்கு முன் பேட்டரி கனெக்‌ஷனையும் கழற்றிவிடுங்கள். சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றும் வண்டிகள் உண்டு, விரல் உள்ளே இருக்கும்போது அது சுற்றக் கூடாது.

சிவப்புஜீப்:
கூலன்ட்டின் நிறத்தை நம்பியவரின் வண்டியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பாட்டிலில் இளஞ்சிவப்பு இருந்திருக்கிறது, குறைந்ததும் பச்சையை ஊற்றியிருக்கிறார். நான் வடிகுழாயைத் திறந்தபோது முதலில் எதுவுமே வரவில்லை. கம்பி விட்டதும் பழுப்பு நிறத்தில் கூழாக, கொத்துக் கொத்தாக விழுந்தது. ஹீட்டரின் சின்னக் குழாய்கள் முழுக்க அடைப்பு.

நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது. ஒரு கம்பெனியின் பச்சையும் இன்னொன்றின் பச்சையும் வேறு வேறு ரசாயனமாக இருக்கலாம். வண்டியின் மேனுவலில் என்ன வகை சொல்லியிருக்கிறதோ அதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் முழுவதும் வடித்துக் கழுவிவிட்டு ஒரே வகையை ஊற்றுங்கள். ரேடியேட்டரில் மட்டும் வடித்தால் இன்ஜின் பிளாக்கில் கணிசமான அளவு தங்கிவிடும், பிளாக்கில் தனி வடிகால் போல்ட் இருக்கிறதா என்று தேடுங்கள். கலக்கும் தண்ணீர் வாலைவடிநீராக இருக்கட்டும், குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பு உள்ளே படிந்துவிடும். கசிவை அடைக்கும் பொடி, திரவம் எதையும் ஊற்றாதீர்கள், கசிவுக்கு முன் ஹீட்டரை அடைத்துவிடும்.

வடித்ததைத் தரையில் விட வேண்டாம். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும். கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போய்விடும். மூடி போட்ட கேனில் பிடித்து வையுங்கள்.

நீலக்கதவு:
எல்லோருக்கும் நன்றி. தெர்மோஸ்டாட்டைக் கழற்றப் போவதில்லை, மன்னிக்கவும் மலையேறி அண்ணா. முன்பக்கத்தை ஸ்டாண்டில் உயர்த்தி, ரேடியேட்டர் கழுத்தே உச்சியாக இருக்கும்படி வைத்தேன். ஹீட்டர் முழுச் சூட்டில். காற்று வெளியேற்றும் திருகாணியைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலன்ட் மட்டும் ஒழுகும் வரை மெதுவாக ஊற்றி மூடினேன். பிறகு ரேடியேட்டர் மூடி இல்லாமல் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டேன். தெர்மோஸ்டாட் திறந்ததும் கழுத்தில் மட்டம் குபுக்கென்று இறங்கியது, பெரிய பெரிய குமிழிகள் வந்தன. ஊற்ற ஊற்ற உள்ளே போனது. ஹீட்டரில் அனல் வந்ததும்தான் மூடியைப் போட்டேன்.

இப்போது முள் நடுவில் நிற்கிறது, ஹீட்டர் சுடுகிறது. ஓட்டிவிட்டு வந்து ஆறவிட்டுப் பார்த்தால் பாட்டிலில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இது மிச்சக் காற்றா, இல்லை ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா?

டீசல்பிரியன்:
முதல் சில ஓட்டங்களில் கொஞ்சம் குறைவது மிச்சக் காற்றாகவே இருக்கும். குளிர்ந்த இன்ஜினில் பாட்டிலின் கோடு வரை ஊற்றி, ஒரு பேனாவால் அடையாளம் போட்டு வையுங்கள். மட்டம் அங்கேயே நின்றுவிட்டால் முடிந்தது. தொடர்ந்து இறங்கினால், மூடியில்லாமல் ஓடும்போது குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், ஆயில் பால் கலந்த மாதிரி ஆனால், சூடேறிய பிறகும் சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். அப்போது மெக்கானிக்கிடம் போய் அழுத்தச் சோதனை செய்துவிடுங்கள். அதற்கு முன் டார்ச்சை எடுத்து பம்ப்புக்கு அடியில் ஒருமுறை பாருங்கள். உங்கள் வண்டியில் பம்ப்பை ஓட்டுவது வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டா, வெளிப் பெல்ட்டா?

நீலக்கதவு:
டைமிங் பெல்ட். எப்போது மாற்றியது என்று முந்தைய ஓனருக்கும் தெரியவில்லை.

டீசல்பிரியன்:
அப்படியானால் பம்ப் கசிகிறதோ இல்லையோ, பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பம்ப் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். பம்ப்புக்காக ஒருமுறை, பெல்ட்டுக்காக ஒருமுறை என்று அதே வேலையை இருமுறை செய்ய வேண்டாம். பெல்ட்டைக் கழற்றும் முன் டைமிங் குறிகளைப் போட்டோ எடுத்து வையுங்கள். இந்த வேலையை முதல் தடவை தனியாகச் செய்யாதீர்கள், முன்பு செய்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலே போதும், சில இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் இடித்துவிடும்.