கதை முடிந்ததும் "என்ன படிப்பினை?" என்று கேட்கத்தான் வேண்டுமா?

வெள்ளவத்தை_அம்மா
ஒக்டோபர் வாசிப்பு மாதம் என்று மகனின் பாடசாலையில் ஒரு கொப்பி போடச் சொல்லியிருக்கிறார்கள். அவன் தரம் 3. வாசிக்கிற ஒவ்வொரு கதைக்கும் புத்தகத்தின் பெயர், எழுதியவர், பாத்திரங்கள், கடைசியில் "நான் பெற்ற படிப்பினை" என்று எழுத வேண்டும். பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு தன்பாட்டில் வாசிக்கிற பிள்ளை இப்போது புத்தகத்தைத் திறக்கும் முன்பே "அம்மா, இதில படிப்பினை என்ன?" என்று கேட்கிறான்.

நேற்று இலங்கைச் சிறுவர் எழுத்தாளர் சிபில் வெத்தசிங்கவின் 'குட ஹொரா'வை (குடைத் திருடன்) படம் காட்டித் தமிழில் சொன்னேன். 1956இல் வந்த சிங்களக் கதை. குடையே கண்டிராத ஊர்க்காரர் கிரி மாமா. டவுனுக்குப் போய்க் குடை வாங்கி வருவார், வழியில் களவு போய்விடும். திரும்பவும் வாங்குவார், திரும்பவும் போய்விடும். கடைசியில் குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு வைத்து, அவை விழுந்த தடம் பார்த்துப் போனால் மரத்தில் குடைகளாகத் தொங்குகின்றன. அவற்றைக் கொண்டுவந்து ஊரில் கடை போடுகிறார். ஆனால் திருடனுக்கென்று ஒரு குடையை விட்டுவிட்டுத்தான் வருகிறார். திருடன் யாரென்றால் ஒரு குரங்கு!

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு எழும்பிப் போய்க் கொப்பியை எடுத்து "களவெடுப்பது பிழை" என்று எழுதினான். களவெடுத்தவனுக்கு அன்பாக ஒன்றை விட்டுவந்த கதைக்கு இதைத்தானா எழுத வேண்டும்? சிறுவர் கதையில் நாங்கள் தேட வேண்டியது அந்த அன்பைத்தான், அந்தச் சிரிப்பைத்தான். படிப்பினை எழுதுகிற வேலையை ஆரம்ப வகுப்புகளில் நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

ஆரம்பப்பிரிவு_டீச்சர்
உங்கள் கவலை விளங்குகிறது அக்கா. ஆனாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்குக் கிட்ட இருக்கிறார்கள். யார் வாசித்தது, யார் படத்தை மட்டும் புரட்டியது என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கொப்பி ஒன்றுதான் வழி. உங்கள் மகனுக்குப் படம் காட்டிக் கதை சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள். வீட்டில் ஒரு கதைப் புத்தகமும் இல்லாத பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். கொப்பி கேட்பதால்தான் அவர்களின் அம்மா அப்பா வாசிகசாலைப் பக்கமே போகிறார்கள்.

அப்புறம், கதையில் நல்லது கெட்டது சொல்வது எங்களுக்குப் புதிதா? ஆத்திசூடியில் தொடங்கித்தானே நாங்கள் எல்லோரும் எழுத்துப் படித்தோம்.

மட்டக்குளி_தகப்பன்
நான் டீச்சர் பக்கம். முதலில் வாசிக்கத் தெரிய வேண்டும், மகிழ்ச்சி அதற்குப் பிறகு. என் மகள் ஆங்கில மூலம் படிக்கிறாள். வீட்டில் தமிழ் நன்றாகக் கதைப்பாள், ஆனால் ஒரு வரி வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டிக் கூட்டி முடிப்பதற்குள் வரியின் தொடக்கம் மறந்துவிடும். கொழும்பில் இது எத்தனை வீட்டில் நடக்கிறது! அப்படித் திணறுகிற பிள்ளையிடம் "ஆசையாக வாசி" என்றால் என்ன நடக்கும்? நாளுக்கு ஒரு பக்கம் என்று கண்டிப்பாக வைத்தேன். அழுதாள், கோபித்தாள். இப்போது வாசிக்கிறாள்.

புத்தக_அலுமாரி
அந்த ஒரு பக்கத்தை மகள் எப்படி வாசித்தாள் சேர்? தனியாகவா?

மட்டக்குளி_தகப்பன்
தனியாக விட்டால் வாசிக்க மாட்டாள். வேலை முடிந்து வந்து நான் பக்கத்தில் இருப்பேன். நான் ஒரு வரி, அவள் ஒரு வரி. சொல்லுக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டே போவோம். அவளுக்கு இடறினால் நான் மெதுவாகச் சொல்லிக் கொடுப்பேன்.

புத்தக_அலுமாரி
உங்கள் கண்டிப்பைவிட அந்த விரல்தான் வேலை செய்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்து அப்பா பக்கத்தில் இருக்கிறார் என்பது பிள்ளைக்குத் தெரியும். இன்னொன்றும் இருக்கிறது. நாங்கள் வீட்டில் கதைக்கிற தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. "போறன்" என்று சொல்கிற பிள்ளை "போகிறேன்" என்பதை முதலில் எங்கள் வாயில் கேட்க வேண்டும். அது காதில் பழகாமல் கண்ணுக்கு மட்டும் எழுத்தைக் காட்டினால் திணறத்தான் செய்யும். அதனால் ஏழு எட்டு வயது வரைக்கும், தானாக வாசிக்கத் தொடங்கிய பிறகும்கூட, நாங்கள் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். நிறையப் பேர் "இப்போது அவனே வாசிப்பான்தானே" என்று மிக விரைவில் நிறுத்திவிடுகிறார்கள்.

டீச்சர் ஆத்திசூடியைச் சொன்னார். சரி. ஆனால் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டும் எங்களுடையதுதான். அதில் என்ன நீதி இருக்கிறது? நாளைக்கு லீவு, கூழ் குடிக்கலாம், கொழுக்கட்டை தின்னலாம் என்று தொடங்கும். பிறகு பயறு வறுப்பதும் மா வறுப்பதும் தேங்காய் துருவுவதும்தான். வாசிக்கும்போதே பசிக்கும். புலவர் 1953இல் மறைந்துவிட்டார், பாட்டு இன்றைக்கும் பிள்ளைகளின் வாயில் இருக்கிறது.

ஆரம்பப்பிரிவு_டீச்சர்
அது ஏன் வாயில் இருக்கிறது? பாடசாலையில் பாடமாக்க வைத்ததால்தான்! சொல்லாமல் கொள்ளாமல் விட்டிருந்தால், ஆடிக்கூழையே கண்டிராத கொழும்புப் பிள்ளைக்கு அந்தப் பாட்டு எங்கே தெரிந்திருக்கும்? கட்டாயத்துக்குள்ளும் மகிழ்ச்சி வரும் என்பதற்கு அதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

புத்தக_அலுமாரி
அது நியாயமான பேச்சு டீச்சர், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பாடமாக்கச் சொன்னார்கள், சேர்ந்து பாட வைத்தார்கள். பாடி முடித்ததும் "இப்பாடல் உணர்த்தும் படிப்பினை யாது?" என்று கேட்டிருந்தால் கொழுக்கட்டையின் வாசமே போயிருக்கும்.

மாளிகாவத்தை_வாப்பா
இங்கே எல்லோரும் புத்தகம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கதைக்கிறீர்கள். எங்கள் தொடர்மாடியில் ஒரு அறைக்குள் ஐந்து பேர். இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளையோடு அமைதியாக இருந்து வாசிக்க எந்த மூலை இருக்கிறது? வண்ணப்படம் போட்ட தமிழ்ப் புத்தகம் ஒன்று வாங்க யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் இருந்து வருவது அதைவிட விலை. செப்டெம்பரில் கொழும்பு பிஎம்ஐசிஎச் மாநாட்டு மண்டபத்தில் நடந்த புத்தகக் கண்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். சிங்களத்தில் சிறுவர் புத்தகம் மலைபோல் குவிந்திருந்தது. தமிழில் தேடித் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது, அதிலும் பாதி பயிற்சிப் புத்தகம்.

என் உம்மும்மாவுக்கு, அதாவது பாட்டிக்கு, எழுத்தே தெரியாது. ஆனால் கதை சொன்னால் கரண்ட் போனதுகூடத் தெரியாது எங்களுக்கு. நான் வாசிக்கப் பழகியதே அவர் சொன்ன மாதிரிக் கதை வேறு எங்கேயும் இருக்கிறதா என்று தேடித்தான். அன்பு முதலில் என்று சொல்கிறவர்களோடு நான் நிற்கிறேன். அதைச் செய்ய அலுமாரி நிறையப் புத்தகம் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வெள்ளவத்தை_அம்மா
நாநா, உங்கள் உம்மும்மா செய்ததைத்தான் நான் இவ்வளவு நீட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

புத்தகத்துக்கு, ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் இருக்கிற பொது நூலகத்தின் சிறுவர் பகுதியைப் பாருங்கள். விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கம், பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே பயணத்தில் முடியும். எங்கள் பக்கம் வந்தால் தமிழ்ச் சங்க நூலகமும் இருக்கிறது. பிள்ளை எதை எடுக்கிறது என்று மட்டும் பாருங்கள், நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். என் மகன் மீன் புத்தகமாகவே எடுத்தான். எடுக்கட்டும் என்று விட்டேன்.

மட்டக்குளி_தகப்பன்
மீன் புத்தகம் சரி. ஆனால் தரம் 5 வரும்போது புலமைப்பரிசில் பரீட்சை மீனைக் கேட்காது. பந்தியை வாசித்து விடை எழுத வேண்டும், நேரத்துக்குள் எழுத வேண்டும். அதையும் நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

புத்தக_அலுமாரி
மீனைப் பற்றிப் பக்கம் பக்கமாக விரும்பி வாசித்த பிள்ளைக்கு ஒரு பந்தி பாரமாக இருக்காது சேர். வினாத்தாளில் மட்டுமே பந்தியைக் கண்ட பிள்ளைக்குத்தான் பயம்.

டீச்சர், உங்களுக்கு ஒரு யோசனை. வெத்தசிங்க தன் கடைசிக் காலத்தில் ஒரு கதைக்கு முடிவு எழுதச் சொல்லி நாட்டுப் பிள்ளைகளையே கேட்டார். 1,250 வித்தியாசமான முடிவுகளோடு அந்தப் புத்தகம் 2020இல் கின்னஸ் சாதனை ஆனது. 'படிப்பினை' என்ற இடத்தில் "நீ எழுதினால் இந்தக் கதை எப்படி முடியும்?" என்று போட்டால் என்ன? வாசிக்காத பிள்ளையால் அதை எழுதவே முடியாது. நீங்கள் கேட்ட சாட்சியும் கிடைத்துவிடும்.

ஆரம்பப்பிரிவு_டீச்சர்
கேட்க நன்றாக இருக்கிறது. நாற்பது முடிவையும் நான் வாசிக்க வேண்டும், பரவாயில்லை, வாசிப்பேன். என் பயம் வேறு. ரகர றகரமும் ளகர ழகரமும் பிழையாக எழுதினால் நான் சிவப்புப் பேனையால் திருத்த வேண்டும். திருத்தினால் அடுத்த முறை தனக்குத் தெரிந்த சின்னச் சொற்களை மட்டும் வைத்து ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். திருத்தாமல் விட்டால் கொப்பியைப் பார்த்துவிட்டு அம்மாமார் கேட்க வருவார்கள்.

வெள்ளவத்தை_அம்மா
என் மகனின் கொப்பியாக இருந்தால் திருத்தாமல் விடுங்கள் டீச்சர், நான் வர மாட்டேன். குரங்கு அந்தக் குடையை என்ன செய்தது என்று அவனிடம் கேட்டேன். மழைக்குள் நனைகிற காகத்துக்குக் கொடுத்ததாம், காகம் பிடிக்கத் தெரியாமல் தலைகீழாகப் பிடித்ததாம். இதை எழுதச் சொன்னால் எத்தனை பிழை விடுவான் என்று எனக்குத் தெரியும்.

ஆரம்பப்பிரிவு_டீச்சர்
காகம் தலைகீழாகப் பிடித்ததை எழுதி வரச் சொல்லுங்கள் அக்கா. நான் இந்தத் தவணை ஒரு வகுப்பில் மட்டும் செய்து பார்க்கிறேன். கொப்பியை நிறுத்த மாட்டேன், அதில் மாற்றமில்லை.