மாசக் கடைசிக்குள்ள ரூமை காலி பண்ணு, இல்லன்னா ஊருக்கு போன் போடுவேன்ங்கிறார், யாராவது வழி சொல்லுங்க

வீரசோழன்கரை:
வணக்கம். நான் மயிலாடுதுறை பக்கம், படிக்க வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. எங்க பெரியப்பாவுக்கு தெரிஞ்சவங்க வீட்டுல கீழ ரூம் எடுத்து இருக்கேன். நேத்து ராத்திரி போன் சார்ஜ்ல கெடந்தப்போ வந்த மெசேஜை ஆன்ட்டி பாத்துட்டாங்க, நான் என் பாலினத்து ஆளையே விரும்புறேன்னு தெரிஞ்சு போச்சு. காலைல அங்கிள் கீழ வந்து இதெல்லாம் எங்க வீட்டுல நடக்காது, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணு, எதுத்து பேசினா உங்க அப்பாவுக்கு இப்பவே போன் போடுவேன்னுட்டு போறார். அட்வான்ஸும் தர மாட்டாராம். எங்கள மாதிரி ஆளுங்களுக்கு இங்க சட்டம் இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது நெசமாவே கைகொடுக்குமா? ரெண்டு வாய் சோறு கூட இறங்கல.

மன்னை_கடல்தாண்டி:
தம்பி எந்த நாடுன்னே சொல்லலையே. சிங்கப்பூர்னா சட்டத்தை நம்பி இறங்காதீங்க. ஆணும் ஆணும் சேந்தா குத்தம்னு சொன்ன 377ஏ பிரிவை இங்க 2022 நவம்பர்ல பார்லிமென்ட்ல நீக்கினாங்க, 2023 ஜனவரி 3ல இருந்து அது இல்ல, சந்தோஷம்தான். ஆனா அதே கையோட கல்யாணம்னா ஆணும் பொண்ணும்தான்ங்கிறதை கோர்ட்டுல கேள்வி கேக்க முடியாதபடி அரசியல் சட்டத்தையும் திருத்திட்டாங்க. 2025ல வேலையிடத்துக்கு பாகுபாடு சட்டம் கொண்டு வந்தாங்க, அதுலயும் நம்ம விஷயத்தை சேக்கல. நான் வந்த புதுசுல ஒரே ரூம்ல அத்தனை பேரு, பாய் விரிக்க இடம் கிடையாது, எப்பக் கல்யாணம் எப்பக் கல்யாணம்னு தெனம் ஒருத்தன் கேப்பான், வாய தொறக்காமலே வருஷத்தை ஓட்டினேன். பக்கத்துல மலேசியாவுல இன்னும் ஜெயில் தண்டனை இருக்கு. அதனால அமைதியா வேற ரூம் பாத்துட்டு போயிடுங்க, அதான் நல்லது.

நாகூரான்_பெர்லின்:
அமைதியா போனு சொல்றத என்னால ஒத்துக்க முடியல. ஜெர்மனில 2006ல இருந்தே பாகுபாடு தடைச் சட்டம் இருக்கு, 2017 அக்டோபர் 1ல இருந்து கல்யாணமும் பண்ணிக்கலாம். முதல்ல முகவரிப் பதிவு பண்ணியாச்சா? அது இல்லாம இங்க பேங்க் அக்கவுண்ட் தொறக்குறது கஷ்டம், இன்சூரன்ஸ் இழுபறி, என்னை ஒரு ஓனர் பதிவுக் கடிதம் தராம அலைய விட்டார், குளிர்ல அந்த ஆபீஸ் வாசல்ல நின்னதை இன்னும் மறக்கல. எந்த ஊரா இருந்தாலும் முதல் வேலை பேப்பர்தான்.

வீரசோழன்கரை:
மன்னிக்கணும், பதட்டத்துல விட்டுட்டேன். கனடா, டொராண்டோ, ஸ்கார்பரோ பக்கம். ஸ்டூடண்ட் பர்மிட். அப்புறம் நான் தம்பி இல்ல, பொண்ணு. அவ கும்பகோணத்துல இருக்கா, பேங்க் பரீட்சைக்கு படிக்கிறா. எங்கப்பாவுக்கு விஷயம் போச்சுன்னா அவ வீட்டுக்கும் போயிடும், அதான் எனக்கு பெரிய பயமே.

அரசலாறு:
கனடாவா, அப்ப கவலைய விடும்மா. நேரா அகதி கேஸ் போடு. 1993ல சுப்ரீம் கோர்ட் சொன்னதுல இருந்தே இந்தக் காரணத்துக்கு பாதுகாப்பு கேக்கலாம். எனக்கு தெரிஞ்ச பையன் ஒருத்தனுக்கு கிடைச்சுது.

குடமுருட்டி:
அரசலாறு அண்ணா, ஒரு ரூம் பிரச்சினைக்கு அகதி கேஸா? ஊருக்கு திரும்பினா துன்புறுத்துவாங்கன்னு காட்டணும், வேற ஊருக்கு போய் பத்திரமா இருக்க முடியாதான்னும் கேப்பாங்க. 2018 செப்டம்பர் 6ல நம்ம சுப்ரீம் கோர்ட், ஒரே பாலின உறவை குத்தமாக்கின 377வது பிரிவுல இருந்து விருப்பப்பட்ட பெரியவங்க உறவை எடுத்துட்டதையும் முன்னாடி வைப்பாங்க. வீட்டுல உசுருக்கு ஆபத்துன்னா அது வேற பேச்சு, அப்பவும் வக்கீலைப் பாத்துட்டுத்தான். ஏஜென்ட் சொல்றான்னு கையெழுத்து போட்டு படிப்பையும் கெடுத்துக்காத தங்கச்சி.

பழங்காவேரி:
நான் மனசு விட்டு ஒண்ணு சொல்றேன். கடல் தாண்டி வந்தாலும் நம்ம ஆளுங்க மூட்டையில கட்டிட்டு வர்றது இதைத்தான். கோயில் திருவிழா, பொங்கல் விழா எல்லாத்துக்கும் முன்னாடி நிப்பாங்க, பெத்த புள்ள மாதிரின்னு சொல்லுவாங்க, நீ யாருன்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷம் வாசலைக் காட்டுவாங்க. இங்க ஒரு கடையில வேலை பாத்தப்போ என் நடையைப் பாத்து சிரிச்சவங்க எல்லாம் தமிழ் பேசுறவங்கதான், வெள்ளைக்காரன் ஒருத்தனும் கேக்கல.

பூம்புகார்_அலை:
எல்லாரையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. முதல் பனிக்காலத்துல காய்ச்சலோட கெடந்தப்போ எனக்கு கஞ்சி கொண்டு வந்தது ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, என்னைப் பத்தி எல்லாம் தெரிஞ்சவங்கதான். ஊர்லயும் நமக்கு ஆளே இல்லன்னு பேசுறது தப்பு. நர்த்தகி நடராஜ் அம்மா தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளை கிட்டத்தானே ஆடக் கத்துக்கிட்டாங்க. ஒரு திருநங்கையை சிஷ்யையா ஏத்துக்கிட்ட வாத்தியார் நம்ம தஞ்சாவூர் மண்ணுலதான் இருந்தார், 2019ல அவங்களுக்கு பத்மஸ்ரீயும் வந்துச்சு.

பழங்காவேரி:
அவங்க ஜெயிச்சு வந்ததால பேசுறோம். ஜெயிக்காத புள்ளைங்க எத்தனை பேரு பஸ் ஸ்டாண்டுல நிக்குது, அதுங்களுக்கு யாரு வீடு தர்றாங்க? சரி, இதுக்கு மேல இங்க வளக்கல.

திருவையாறு_அக்கா:
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க, பாப்பா ரூம் இல்லாம நிக்கிது. நான் டொராண்டோ இருக்குற அதே ஒன்டாரியோ மாகாணத்துலதான் இருக்கேன், வாடகைக்காரங்களுக்கு உதவுற இடத்துல வேலை பாக்குறேன். ஒரே ஒரு கேள்வி, இதுக்கு பதில் வந்தப்புறம்தான் மிச்சம் எல்லாம். நீ எங்க சமைக்கிற? பாத்ரூம் யாரோடது? அங்கிளும் அதே வீட்டுல இருக்காரா?

ஏன் கேக்குறேன்னா, இங்க மனித உரிமைச் சட்டத்துல 1986லயே பாலின ஈர்ப்பை சேத்தாச்சு, 2012ல பாலின அடையாளத்தையும் சேத்தாச்சு, உன்னை இதுக்காக வெளிய அனுப்பினா குத்தம்தான். ஆனா அதுல ஒரு ஓட்டை இருக்கு. ஓனரோ அவர் குடும்பமோ அந்த வீட்டுலயே இருந்து, நீ அவங்களோட கிச்சனையோ பாத்ரூமையோ பகிர்ந்துதான் ஆகணும்னு இருந்தா குடியிருப்புக்கான அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. வாடகைதாரர் சட்டமும் அதே இடத்துல கைய விரிச்சிடும். நம்ம புள்ளைங்க முக்காவாசி பேரு அப்படித்தான் வந்து எறங்குதுங்க, அதான் எனக்கு வயித்தெரிச்சல்.

வீரசோழன்கரை:
அக்கா, அவங்க மேல இருக்காங்க. பாத்ரூம் எனக்கு தனி. கீழயே சின்ன கிச்சன் இருக்கு, சிங்க், ஃபிரிட்ஜ், அடுப்பு எல்லாம். அடுப்புல ஒரு காயில்தான் சூடாகும், அதுவும் வந்த மாசமே போச்சு, சரி பண்ணித் தரேன்னார், அது வரைக்கும் மேல வந்து சமைச்சுக்கன்னு ஆன்ட்டி சொன்னாங்க. ரசம் வைக்கணும்னா கூட பாத்திரத்தை தூக்கிட்டு படியேறுவேன். அக்ரிமென்ட்னு ஒண்ணும் இல்ல, வாட்ஸப்ல பேசினதுதான். அதோட இன்னொண்ணு, அங்கிளோட ஃப்ரெண்ட் மளிகைக் கடையிலதான் பார்ட்டைம் பாக்குறேன், அதுவும் போயிடுமோ?

திருவையாறு_அக்கா:
இதைத்தான் முதல்லயே சொல்லியிருக்கணும் கண்ணு! ரிப்பேர் ஆன அடுப்புக்காக மேல போறது வேற, பகிர்ந்துதான் ஆகணும்ங்கிற ஏற்பாடு வேற. இது வாதாடி நிக்கக்கூடிய கேஸ், முடிவு என் கையில இல்ல. ஆனா நீ இப்பவே கீழ இருக்குற கிச்சன், அந்த காயில், உன் தனி வாசல் இருந்தா அது, எல்லாத்தையும் போட்டோ எடு. அடுப்பு ரிப்பேர் பத்தி பேசின வாட்ஸப் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மெயில்ல போட்டு வை. காலைல அங்கிள் சொன்னதை தேதி நேரத்தோட எழுதி வச்சுக்க. வாடகை இனிமே பேங்க் மூலமா மட்டும்தான், கையில பணம் குடுக்காத.

வாடகைதாரர் சட்டம் உனக்கு பொருந்துச்சுன்னா வாயால சொல்லி காலி பண்ண வைக்க முடியாது. எழுத்துல நோட்டீஸ் வேணும், நீ போகலன்னா வாடகை வாரியத்துல ஆர்டர் வாங்கணும், அப்பவும் வெளியேத்துறது ஷெரீஃப்ங்கிற கோர்ட் அதிகாரிதான், அங்கிள் தானா பூட்டை மாத்த முடியாது. அட்வான்ஸ்ங்கிற பேர்ல கடைசி மாச வாடகையைத்தான் வாங்கலாம், அதை அமுக்கவும் முடியாது. பொருந்தலன்னா கூட பணத்துக்கு ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட் இருக்கு. எதுவா இருந்தாலும் எதுலயும் கையெழுத்து போடாத.

கடை விஷயத்துக்கு அந்த கிச்சன் விலக்கு கிடையவே கிடையாது. நீ யாருங்கிறதுக்காக வேலைய விட்டு எடுத்தா அது தனி கேஸ், ஒரு வருஷத்துக்குள்ள மனித உரிமை ட்ரிப்யூனல்ல போடணும். மனித உரிமை சட்ட உதவி மையம்னு ஒண்ணு இருக்கு, காசு வாங்காம ஆலோசனை சொல்லுவாங்க, நாளைக்கே கூப்பிடு, பயமா இருந்தா நானும் லைன்ல இருக்கேன்.

குடமுருட்டி:
அக்கா சொன்னதுக்கு மேல ரெண்டு வார்த்தை. அப்பாவுக்கு போன் போடுவேன்ங்கிற மிரட்டலை அட்வான்ஸோட சேத்து எழுத்துல அனுப்பினார்னா அதை அழிக்காத, வக்கீல் கிட்ட முதல்ல அதைக் காட்டு.

கும்பகோணத்துப் பொண்ணுக்கும் சொல்லி வை. 2025 மே மாசம் மெட்ராஸ் ஹைகோர்ட்டுல இதே மாதிரி ஒரு கேஸ், ஒரு பொண்ணை பெத்தவங்க வீட்டுல அடைச்சு வச்சதுக்கு அவ தோழி ஆட்கொணர்வு மனு போட்டாங்க. அந்தப் பொண்ணு தன் விருப்பம் போல தோழியோட போகலாம்னு சொன்ன கோர்ட், குடும்பம்னா கல்யாணத்தால மட்டும் அமையிறது இல்லன்னும் எழுதிச்சு. 2023 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் கல்யாண உரிமை தரலதான், எனக்கு இன்னும் ஆறல. ஆனாலும் சேந்து வாழுறதைத் தடுக்க யாருக்கும் அதிகாரம் இல்ல. போலீஸ் ஸ்டேஷன்ல தொந்தரவு பண்ணினா கூட தமிழ்நாட்டுல 2022லயே போலீஸ் நடத்தை விதிகளை மாத்தியிருக்காங்க, நம்மள தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு. அவ ஆதார், சர்டிபிகேட், பாஸ்போர்ட் எல்லாம் அவ கைக்கு எட்டுற இடத்துல இருக்கட்டும்.

வீரசோழன்கரை:
அவகிட்ட இப்பதான் பேசினேன். சர்டிபிகேட் எல்லாம் பீரோவுல, சாவி அவங்கம்மா கிட்ட. ஹால் டிக்கெட்டுக்கு வேணும்னு கேட்டு வாங்கிடுறேன்னா. அக்கா, நான் இன்னைக்கு ராத்திரி அங்கயே தூங்கலாமா?

திருவையாறு_அக்கா:
தூங்கு, ரூமை உள்ள தாழ்ப்பாள் போட்டுக்க. பாஸ்போர்ட், பர்மிட், காலேஜ் பேப்பர், மருந்து, சார்ஜர் எல்லாம் ஒரு பையில கட்டி வை. கை வச்சாலோ, சாமானை வெளிய தூக்கிப் போட்டாலோ போலீசுக்கு 911 அடி. இன்னைக்கே தங்க இடம் வேணும்னா 211ன்னு அடி. சர்ச் ஸ்ட்ரீட்டுல 519ன்னு ஒரு மையம் இருக்கு, நம்ம மாதிரி ஆளுங்களுக்கானது, அங்க போய் உட்காந்து பேசலாம். காலேஜ்ல இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட் ஆபீஸ்லயும் சொல்லு, உன் வீட்டுக்கு சொல்ல மாட்டாங்க, கிளாஸ் விட்டதுக்கும் அவங்க மூலமா எழுதி வாங்கிக்க.

பூம்புகார்_அலை:
தங்கச்சி, நான் கென்னடி ஸ்டேஷன் பக்கத்துலதான் இருக்கேன், எங்க ரூம்ல ஒரு பொண்ணு இந்த மாசக் கடைசில போறா. நாங்க மூணு பேரும் பொண்ணுங்கதான், கிச்சன் எங்களோடது, ஓனர் வேற ஊர்ல இருக்கார், அக்ரிமென்ட் எழுத்துல இருக்கு. நாளைக்கு சாயங்காலம் வந்து பாரு, சாப்பிட்டுட்டே பேசலாம். அட்ரஸை தனியா அனுப்புறேன்.