ஸ்பானிஷ் சப்ஜங்டிவ்: பேசும்போது தானாக வர என்ன வழி?

வணக்கம் நண்பர்களே. ஸ்பானிஷில் நிகழ்கால சப்ஜங்டிவ் (விருப்பம், சந்தேகம் போன்றவற்றைச் சொல்லும்போது வரும் வினை வடிவம்) படித்துக்கொண்டிருக்கிறேன். விதி புரிகிறது: 'நான்' வடிவத்தின் கடைசி 'ஓ'வை எடுத்துவிட்டு, 'ஆர்' என்று முடியும் வினைகளுக்கு 'ஏ', 'ஏர்', 'இர்' என்று முடியும் வினைகளுக்கு 'ஆ' சேர்க்க வேண்டும். ஆப்லோ (பேசுகிறேன்) ஆப்லே ஆகும், கோமோ (சாப்பிடுகிறேன்) கோமா ஆகும். எழுதினால் தப்பே வராது. பேசும்போதுதான் சிக்கல். நீ பேச வேண்டும் என்று விரும்புகிறேன் என்பதற்கு 'கியேரோ கே ஆப்லேஸ்' என்று சொல்லப் போனால், பழக்கத்தில் சாதாரண நிகழ்கால வடிவமான 'ஆப்லாஸ்' வந்து விழுகிறது. ஒரே ஓர் உயிரெழுத்து, ஆனால் அதில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்புறம், 'புஸ்கார்' (தேடுவது) 'புஸ்கே' ஆகும்போது எழுத்தில் 'சி' போய் 'க்யூ, யூ' வருகிறதே, உச்சரிப்பு மாறாததால் ஒழுங்கான வினையாகவே எண்ணிப் படிக்கலாமா?

அட்டவணையை மனப்பாடம் செய்வதா, முழு வாக்கியங்களாகப் பழகுவதா? இதைத் தாண்டி வந்தவர்கள் உங்களுக்குக் கைகொடுத்த பயிற்சியைச் சொல்லுங்கள்.